நீலாம்பரி கார் எங்கே கிடைக்கும்?

"ஹீரோ ஓட்டின அந்தக் கார் உங்களுக்கும் வேண்டுமா? கோடி ரூபாய் இல்லையா? கவலையை விடுங்க, உங்க பட்ஜெட்டுக்கு ஏத்த மாற்று இதோ..."

இந்த ரகக் கட்டுரையைப் படிக்காத பையன் தர்மபுரி மாவட்டத்தில் இருக்கவே முடியாது. ஒரு காலத்தில் வாரப் பத்திரிகையின் நடுப்பக்கத்தில் வந்தது, இப்போது செல்போனில் ஒரு நிமிட வீடியோவாக வருகிறது. அமைப்பு மட்டும் மாறவே இல்லை. இடது பக்கம் படத்தில் வந்த கார், வலது பக்கம் ஷோரூமில் நிற்கும் கார், நடுவில் ஒரு அம்புக்குறி. அந்த அம்புக்குறி இருக்கிறதே, பொய் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

படையப்பாவையே (1999) எடுத்துக்கொள்ளுங்கள். நீலாம்பரியின் கார் ஞாபகம் இருக்கும். கதவு இறக்கை மாதிரி மேலே தூக்கிக்கொண்டு திறக்குமே, அதேதான். அதன் பேர் டொயோட்டா செரா. இயக்குநர் கே.எஸ்.ரவிகுமார் அப்போது புதிதாக வாங்கியிருந்த சொந்தக் காரையே படத்தில் ஓட விட்டார். தியேட்டரில் வாயைப் பிளந்து பார்த்தவர்களுக்கு அது ஏதோ பல கோடி ரூபாய் பந்தயக் கார். நிஜத்தில் 1.5 லிட்டர் எஞ்சின் வைத்த சின்ன ஜப்பான் கார். 1990-களின் முதல் பாதியில் சுமார் 16,000 வண்டிகள் செய்தார்கள், அதுவும் ஜப்பான்காரர்களுக்காக. கதவு மட்டும் உண்மையிலேயே விசேஷம்தான். மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்த கார்டன் முர்ரேவுக்கே கதவு யோசனை இந்தக் காரைப் பார்த்துத்தான் வந்தது. மற்றபடி அந்த வண்டிக்குக் கிடைத்த கெத்து முழுக்க ரம்யா கிருஷ்ணன் கொடுத்தது. அவர் இறங்கிப் போனபிறகு அங்கே நிற்பது தக்கனூண்டு ரெண்டு கதவு கார்.

இதற்கு "மாற்று" என்று பட்டியல்காரர்கள் என்ன சொல்வார்கள்? அதே கலரில் ஏதாவது ஒரு ஹாட்ச்பேக். கூடவே ஒரு டிப்ஸ் வேறு: கதவை மேலே தூக்கித் திறக்க வைக்கிற கிட் கிடைக்கிறதாம், மாட்டிக்கொள்ளலாமாம். மாட்டலாம் சார். ஆனால் கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றிய வண்டி மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் மாட்டும். 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ்காரர் க்ளெய்மில் கை வைத்தால், அம்புக்குறி போட்டவர் வந்து பதில் சொல்லமாட்டார்.

சரி, உள்ளூர் படத்தை விடுங்கள். இந்தப் பட்டியல்களின் குலதெய்வம் ஜேம்ஸ் பாண்ட். கோல்ட்ஃபிங்கரில் (1964) வந்த ஆஸ்டன் மார்ட்டின் டிபி5: துப்பாக்கி வெளியே வரும், சீட்டோடு ஆளைத் தூக்கி எறியும். பணம் இருந்தால் அதை வாங்க முடியுமா? முடியும் என்று அந்தக் கம்பெனியே காட்டியது. 2020-ல் அதே மாதிரி புதிதாக 25 கார்களை வாடிக்கையாளர்களுக்காகச் செய்தது. விலை 27.5 லட்சம் பவுண்டு, வரி தனி. வேடிக்கை என்னவென்றால் அந்தக் காரை ரோட்டில் ஓட்ட அனுமதி கிடையாது. வாங்கி, வீட்டில் நிறுத்தி, பார்த்துக்கொண்டே இருக்கலாம். இத்தனை கோடி கொடுத்து அசலை வாங்கியவனுக்கே ரோடு கிடைக்கவில்லை. ஏழு வருஷத் தவணையில் நகலை வாங்குகிறவனுக்கு மட்டும் பாண்ட் வாழ்க்கை கிடைத்துவிடுமா?

இன்னொரு படம், கேசினோ ராயல் (2006). அதில் பஹாமாஸில் பாண்ட் ஓட்டிக்கொண்டு வருவது ஃபோர்டு மொண்டியோ. ஆபீஸ் போகிறவர்களின் கார். உலகத்தையே காப்பாற்றுகிறவர் ஏன் அதில் வருகிறார் என்று குழம்ப வேண்டாம். அப்போது ஆஸ்டன் மார்ட்டின் கம்பெனியே ஃபோர்டு கையில்தான் இருந்தது (2007-ல்தான் விற்றார்கள்). ஒரே படத்தில் சீட்டாட்டத்தில் ஜெயித்த பழைய டிபி5, புது டிபிஎஸ், கூடவே ஒரு மொண்டியோ. அதாவது "மாற்று" பட்டியலைப் படத்துக்கு உள்ளேயே ஓட்டிவிட்டார்கள். அதே படத்தில் டிபிஎஸ் ஏழு முறை உருண்டு கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. அந்தக் கார் தானாக உருளவில்லை. அவ்வளவு உறுதியாக ரோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதால், அடியில் காற்றழுத்த பீரங்கி வைத்துத் தள்ளித்தான் உருட்டினார்கள். ஸ்டண்ட் ஆள் எழுந்து நடந்து போனார், படப்பிடிப்புக்கு அடுத்த கார் வந்தது. டிஎன் 29 நம்பர் வண்டிக்கு அடுத்த கார் வராது.

பேக் டு த ஃப்யூச்சர் (1985) படத்தில் வரும் டிலோரியன் கதை இன்னும் மோசம். காமர்ஸ் படிக்கிறவர்கள் கேட்க வேண்டிய கதை. பெல்ஃபாஸ்ட் பக்கத்தில் ஃபேக்டரி போட்டு 9,000 கார் அளவில் செய்து, 1982-லேயே கம்பெனி திவால். படம் வந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து. உலகமே அந்தக் காரைக் காதலித்தபோது அதை விற்கக் கம்பெனியே இல்லை! சந்தையில் தோற்ற கார் திரையில் ஜெயித்தது. திரையில் ஜெயித்த காரைச் சந்தையில் தேடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இதெல்லாம் வெளியூர் கதை, படித்து ரசித்துவிட்டுப் போகலாமே என்று கேட்கலாம். போகலாம்தான். பிரச்சினை எங்கே ஆரம்பிக்கிறது என்றால், பாலக்கோட்டிலோ அரூரிலோ ஒரு பையன் அந்த அம்புக்குறியை நம்பும்போது.

அவனிடம் பட்டியல் சொல்வது: டிரான்ஸ்போர்ட்டர் 2 (2005) படத்தில் வரும் ஆடி ஏ8 வாங்க முடியாவிட்டால் என்ன, செகண்ட் ஹேண்டில் சின்ன ஆடி ஸ்விஃப்ட் விலைக்கே கிடைக்கிறதே! கிடைக்கிறது, உண்மை. பத்துப் பன்னிரண்டு வயசான ஜெர்மன் கார், பெங்களூரில் யாரோ அனுபவித்து முடித்தது, சின்ன கார் விலைக்கு வந்து நிற்கும். ஏன் அந்த விலைக்கு வருகிறது என்பதைத்தான் பட்டியல் சொல்வதில்லை. காரின் விலைதான் இறங்கியிருக்கிறது. அதன் உதிரிப் பாகத்தின் விலை இறங்கவே இல்லை. கியர்பாக்ஸ் போனால், சஸ்பென்ஷன் போனால், அது இன்னமும் பணக்காரன் காரின் கியர்பாக்ஸ்தான். தர்மபுரி ஒர்க்‌ஷாப்பில் அம்பாசிடர் காலத்திலிருந்து எல்லா வண்டியையும் பிரித்து மாட்டிய அண்ணன்கள் இருக்கிறார்கள். ஆனால் கம்ப்யூட்டர் வைத்துத் திறக்க வேண்டிய எஞ்சினை ஸ்பேனரால் திறக்க முடியாது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அப்புறம் என்ன, லாரியில் ஏற்றி 130 கிலோமீட்டருக்கு மேல் போய் பெங்களூர், இல்லையென்றால் கோயம்புத்தூர். ஹீரோவின் கார் இன்னொரு வண்டியின் முதுகில் ஏறி ஓசூரைத் தாண்டிப் போகும் காட்சியை எந்த டைரக்டரும் எடுக்கமாட்டார்.

புது காரே வாங்கட்டும் என்றால், கொஞ்சம் கணக்கு பார்க்கலாம். கணக்குப் பதிவியல் பேப்பரில் தேய்மானத்துக்கு வரும் கேள்விதான், மார்க் மட்டும் கிடையாது :-)

ஷோரூம் விலை 10 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தியபிறகு இந்த விலைக்கு ஆயுள் வரி 13 சதவீதம், அதாவது 1 லட்சத்து 30 ஆயிரம். (10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம். ஹீரோ மாடல், டாப் மாடல் என்று ஒரு படி ஏறும்போது வரியும் கூடவே ஏறுகிறது.) இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து ரோட்டுக்கு வரும்போது சுமார் 12 லட்சம். அப்பா 3 லட்சம் புரட்டித் தருகிறார். எங்கிருந்து புரட்டுகிறார் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்ததே, பீரோவில் இருக்கும் நகை. மீதி 9 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, ஏழு வருஷம். மாதத் தவணை 14,941 ரூபாய். ஏழு வருஷம் முடியும்போது கடனுக்கு மட்டும் கட்டியிருப்பது 12 லட்சத்து 55 ஆயிரம். ஐந்தாம் வருஷக் கடைசியில் நின்று பார்த்தால் இன்னும் வேடிக்கை. முன்பணத்தோடு சேர்த்து 12 லட்சத்துக்கு ஒட்டிக் கட்டியாகிவிட்டது, 3 லட்சத்து 24 ஆயிரம் அசல் பாக்கி, இன்சூரன்ஸ் தேய்மான அட்டவணைப்படி காரின் மதிப்பு பாதி. ஐந்து லட்சம்! டீசல், டயர், சர்வீஸ் இதில் சேர்க்கவே இல்லை.

மாம்பழமும் புளியும் தக்காளியும் விலை வைக்கிற ஊர் இது. தக்காளி விலை விழுந்தால் பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று செடியிலேயே விடுகிற ஊர். தவணைத் தேதிக்கு மழை பெய்ததா, மண்டியில் விலை இருந்ததா என்பதெல்லாம் தெரியாது. மூன்று டியூ நின்றால் ஃபைனான்ஸ்காரர் ஆள் அனுப்புவார். ஆள் வருவதும் சினிமாவில் வருகிற மாதிரிதான் இருக்கும், அந்த ஒரு காட்சி மட்டும் நிஜத்தில் அப்படியே நடக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் "காலா ஜீப்" கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. படத்தில் (2018) ரஜினி உட்கார்ந்திருந்தது மஹிந்திரா தார், கடையில் கிடைக்கும் வண்டி. போஸ்டர் வந்த 2017-லேயே ஆனந்த் மஹிந்திரா அந்த வண்டியைத் தன் கம்பெனி மியூசியத்துக்குக் கேட்டார், தயாரிப்பாளர் தனுஷும் கொடுத்துவிட்டார். இங்கே மாற்று தேட வேண்டாம், அசலே கிடைக்கும். ஆனால் ரஜினி அதில் என்ன செய்தார் என்று கவனித்தீர்களா? பானெட் மேல் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார். அந்த வேலைக்கு அது அருமையான வண்டி. அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குத் தேய்பிறை அஷ்டமி அன்று பாட்டியை அழைத்துப் போகிற வேலைக்கு? 2020-ல் வந்த புது தாரிலும் பக்கத்துக்கு ஒரே கதவு. முன் சீட்டை மடக்கி, பாட்டியைத் தூக்கிப் பின்னால் ஏற்ற வேண்டும். பாட்டி ஏறிவிடுவார், இறங்கும்போது திட்டுவார் பாருங்கள்! கம்பெனிக்கே இது உறைத்து, 2024-ல் ஐந்து கதவு வைத்த ராக்ஸ் வந்தது. போஸ்டரை வைத்து அந்த வண்டியை வாங்கச் சொன்ன எந்தப் பட்டியலாவது பாட்டி எப்படி ஏறுவார் என்று எழுதியதா? 2020 தாருக்கு குளோபல் என்கேப் சோதனையில் 4 ஸ்டார், ராக்ஸுக்கு பாரத் என்கேப்பில் 5 ஸ்டார் என்று எழுதியதா? அது அல்லவா வாங்குகிறவனுக்குத் தேவை.

ஸ்டார் என்றதும் தொப்பூர் கணவாயைப் பேசாமல் விடமுடியாது. தேசிய நெடுஞ்சாலை 44-ல் தர்மபுரியிலிருந்து சேலம் போகும் இறக்கம். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடும் லாரி, பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போன லாரி, அதற்கு முன்னால் வளைவில் மெதுவாகப் போகும் கார்கள். 2020 டிசம்பரில் ஒரு லாரி வரிசையாக நின்ற கார்கள் மேல் ஏறி 4 பேர் இறந்தார்கள். 2024 ஜனவரியில் மறுபடியும், லாரிகளுக்கு நடுவே கார் நசுங்கி, தீப்பிடித்து, மறுபடியும் 4 பேர். அந்தக் கண்காணிப்பு கேமரா வீடியோவை ஊரே பார்த்தது. பட்டியலில் வரும் துரத்தல் காட்சிகள் எல்லாம் ரோட்டை மூடிவிட்டு, எதிரே யார் எப்போது வருவார் என்று எழுதி வைத்துக்கொண்டு எடுத்தவை. தொப்பூரில் எதையும் எழுதி வைக்கவில்லை. அங்கே இறங்கும் கார் எந்தப் படத்து காரின் தம்பி என்பது லாரிக்குத் தெரியாது. ஏர்பேக் எத்தனை, ஏபிஎஸ் ஒழுங்காக வேலை செய்கிறதா, டயருக்கு வயசென்ன என்பதுதான் கேள்வி. செகண்ட் ஹேண்ட் ஆடியில் நாலு டயரையும் மாற்றக் காசில்லாமல் மொட்டை டயரோடு அந்த இறக்கத்தில் போகிறவன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

ஆசைப்படுவது தப்பா என்று சண்டைக்கு வருவார்கள். தப்பே இல்லை. பொல்லாதவன் (2007) படத்தைப் பார்த்து பல்சர் வாங்கினவர்கள் தமிழ்நாடு பூராவும் உண்டு. அவர்களை யாரும் கிண்டல் செய்ய முடியாது. ஏனென்றால் வெற்றிமாறன் எடுத்தது சாதாரண வீட்டுப் பையன் வாங்கக்கூடிய வண்டி, அவன் வாங்கிய விதத்தையும் காட்டினார், அது திருடு போனதும் அவன் படும் பாட்டையும் காட்டினார். வண்டிக்கு ஒரு விலை உண்டு, அது போனால் வீட்டில் ஒருவன் அலைவான் என்று சொன்ன படம். அதில் நடுவே அம்புக்குறி தேவைப்படவில்லை. பட்டியல்காரர்கள் செய்வது வேறு. அவர்கள் ஆசையை மட்டும் எடுத்துக்கொண்டு விலையை மறைத்துவிடுகிறார்கள்.

அப்படியே பட்டியல் போட்டுத்தான் தீருவது என்றால், தோற்றத்தை விட்டுவிட்டு வேலையை வைத்துப் போடட்டும். படத்தில் அந்த வண்டி செய்த வேலையை இந்த மாவட்டத்தில் எந்த வண்டி செய்கிறது? ஆளைக் கடத்தும் வண்டி என்று தமிழ் சினிமா பேர் கெடுத்து வைத்த மாருதி ஆம்னி, 1984-லிருந்து 2019 வரை தயாரானது. நிஜத்தில் அது கடத்தியதெல்லாம் ஸ்கூல் பிள்ளைகளையும் காய்கறிக் கூடைகளையும்தான். (பாதுகாப்பில் அதுவும் ஒன்றும் உத்தமம் இல்லை. டிரைவரின் முழங்காலுக்கு முன்னால் ஒரு தகடு, அவ்வளவே. புது விதிகள் வந்ததும் நிறுத்திவிட்டார்கள், நல்லது.) குண்டு வெடித்தால் வானத்தில் பறக்கும் வில்லன் வண்டி டாடா சுமோ. அந்தப் பேர் ஜப்பான் மல்யுத்தத்திலிருந்து வந்தது என்று நினைப்பவர்களுக்கு: டாடாவின் லாரி கம்பெனியைத் தூக்கி நிறுத்திய சுமந்த் மூல்காவ்கரின் பெயரில் இருந்து எடுத்த "சு", "மோ". அடியாட்களை ஏற்றிய சுமோவை விட, கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் பன்னிரண்டு பேரை அடைத்துக்கொண்டு பென்னாகரம் ரோட்டில் போன சுமோக்கள் எத்தனையோ மடங்கு.

சரியான நேரத்துக்குச் சரக்கைச் சேர்க்கும் டிரான்ஸ்போர்ட்டர் ஹீரோவுக்கு நிஜ மாற்று வேண்டுமா? ராத்திரி பாலக்கோடு தக்காளி மண்டி வாசலுக்குப் போனால் வரிசையாக நிற்கும். குட்டியானை. 2005-ல் டாடா ஏஸ் என்ற பேரில் வந்தது, அந்தப் பேரை யாரும் சொல்லமாட்டார்கள். விடிவதற்குள் பெட்டிகள் நசுங்காமல் போய்ச் சேரவேண்டும். கேமரா இல்லை, பின்னணி இசை இல்லை, டிரைவருக்கு ஒரு டீ. அந்த வண்டிக்கும் மாதத் தவணை உண்டு, ஆனால் தவணையை அந்த வண்டியே சம்பாதிக்கிறது. சினிமா காருக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தை எந்த வங்கி மேனேஜரைக் கேட்டாலும் சொல்வார்.

அதுவும் ஏறமுடியாத இடம் இதே மாவட்டத்தில் இருக்கிறது. கோட்டூர் மலைக்கு 2021 சட்டமன்றத் தேர்தலில் ஓட்டு மெஷினைக் கழுதை மேல் ஏற்றித்தான் கொண்டுபோனார்கள். எந்த நிலத்திலும் ஏறும் என்று விளம்பரத்தில் பாறை மேல் நிறுத்திக் காட்டுகிற எஸ்யூவிகளுக்கு இது சமர்ப்பணம்.

கடைசியாக, நியாயமாக ஒத்துக்கொள்ள வேண்டிய ஒன்று பாக்கி. ஜேம்ஸ் பாண்ட் படத்தில் வந்த வண்டி, அதே வண்டி, அதே வேலைக்கு, தர்மபுரியில் உண்மையிலேயே கிடைக்கிறது. ஆக்டோபஸியில் (1983) உதய்ப்பூர்த் தெருக்களில் பாண்ட் தப்பித்து ஓடுவது ஆட்டோவில். அதை ஓட்டுவது மெட்ராஸ்காரர், டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். வரி கட்ட வேண்டாம், கடன் வேண்டாம், பெங்களூருக்கு லாரியில் ஏற்ற வேண்டாம். பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்து கையை நீட்டினால் போதும். பாண்டுக்கு அவர் மீட்டர் போட்டாரா என்பது படத்தில் இல்லை, இங்கே போடமாட்டார்கள்.